புது லாரிக்கு முதல் ஆயில் எப்போது?

திருக்கோவிலூர்ப் பக்கம் ஒருவர் புது லாரி எடுத்தால், பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள் மூன்று அறிவுரைகள் வந்து சேரும். "ஐந்நூறு கிலோமீட்டர்ல ஆயில இறக்கிடு தம்பி, இல்லேன்னா எஞ்சின் தாங்காது" என்பார் ஒருவர். "இப்ப வர்ற வண்டிக்கு அதெல்லாம் வேணாம், இன்னைக்கே ஃபுல் லோடு ஏத்து" என்பார் இன்னொருவர். "சர்வீஸ்காரங்களே போன் பண்ணுவாங்க, அப்பப் பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். மூவரும் வண்டியோடு வாழ்ந்தவர்கள்தான். ஆனால் இந்த வண்டி நாளையிலிருந்து என்ன வேலை செய்யப்போகிறது என்று மூவருமே கேட்கவில்லை.

சொந்தமாக முதல் வண்டி எடுப்பவருக்கும், முதலாளியிடமிருந்து புது வண்டியின் சாவியை முதல்முறை வாங்கும் டிரைவருக்கும் இந்த வழிகாட்டி. முதல் ஆயில் மாற்றத்தைக் கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எஞ்சின் ஓடிய மணிநேரம், இழுத்த எடை, வேலை செய்த இடத்தின் தூசி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கரும்பு யார்டிலும் கல்வராயன் மலைப்பாதையிலும் உழைக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு கட்டாயம் தேவை.

எஞ்சின் 'செட்' ஆவது என்றால் என்ன?

சிலிண்டர் லைனரின் உட்சுவரைக் கண்ணாடிபோல வழவழப்பாக விடுவதில்லை. 'ஹோனிங்' செய்து மெல்லிய குறுக்குக் கோடுகளை வேண்டுமென்றே கீறுகிறார்கள். ஆயில் தங்குவதற்கு அந்தக் கோடுகள் வேண்டும். பிஸ்டன் ரிங்குகள் ஏறி இறங்கும்போது கோடுகளின் கூரான முகடுகள் தேய்கின்றன; ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று படிகின்றன. பட்டறையில் 'எஞ்சின் செட் ஆகுது' என்று சொல்வது இதைத்தான். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் அரைத்ததை யாரும் குழம்பில் சேர்ப்பதில்லை. கல்பொடி இருக்குமென்று வழித்து எறிந்துவிடுவார்கள். எஞ்சினின் முதல் ஆயிலிலும் அப்படித்தான் தேய்ந்த இரும்புத் துகள், கேஸ்கெட் பசையின் மிச்சம், பாகங்களைப் பொருத்தும்போது தடவிய மசகு எல்லாம் கலந்திருக்கும்.

ரிங் சுவரோடு படிவதற்கு அழுத்தம் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. வண்டி ஓரளவு எடையை இழுத்தால்தான் அந்த அழுத்தம் போதுமான அளவு கிடைக்கும். புது எஞ்சினை மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விட்டால் ரிங் சரியாக அழுந்தாது. சுவரில் ஆயில் காய்ந்து மெழுகுப் பூச்சாகப் படியும். அதன்பின் ரிங் படிவது கடினம். வண்டி ஆயில் குடிக்கும், வாயு கீழே கசியும். நேர்மாறாக, முதல் நாளே முழு எடையேற்றி ஆக்சிலேட்டரை அமுக்கிப் பிடித்தால் படியாத பரப்புகளில் சூடு ஏறி உராய்வுக் கீறல் விழும். ஆகவே புது எஞ்சினுக்கு மிதமான எடையும் மாறி மாறி வரும் வேகமும் நல்லது.

பழைய அறிவுரை ஏன் பழையதாயிற்று?

ஐந்நூறு கிலோமீட்டர் பேச்சு காரணமில்லாமல் பிறக்கவில்லை. அந்தக் காலத்து எஞ்சின்களில் ஹோனிங் இன்னும் கரடாக இருந்தது, பாகங்களின் அளவுத் துல்லியம் குறைவு, ஆயிலும் ஃபில்டரும் இன்றைய தரத்தில் இல்லை. தேய்மானத் துகள் அதிகம் வந்தது. சீக்கிரம் இறக்குவது புத்திசாலித்தனமாக இருந்தது. இன்று இயந்திர வேலைப்பாடு நுட்பமாகிவிட்டது. பல எஞ்சின்கள் தொழிற்சாலையிலேயே ஓட்டிப் பார்க்கப்பட்டு வருகின்றன. அதனால் நிறுவனங்கள் முதல் ஆயிலுக்கு நீண்ட கெடு தருகின்றன.

இன்னொரு பெரிய மாற்றம் பிஎஸ்-6. பிஎஸ்-4 வண்டிகளை 2020 மார்ச் 31க்குப் பிறகு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் புது வண்டி என்றால் பிஎஸ்-6தான். டீசலிலிருந்த கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. புகையைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும், யூரியாக் கரைசல் ஊற்றும் டேங்கும் லாரியில் ஏறின.

இதற்கும் ஆயிலுக்கும் இரண்டு வழிகளில் தொடர்பு இருக்கிறது. முதலாவது, ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் டிபிஎஃப்பை அடைக்கும். ஆகவே சாம்பல் குறைந்த ஆயிலே ஊற்ற வேண்டும். கனரக டீசல் எஞ்சின்களுக்கு 2016 டிசம்பரில் வந்த சிகே-4 தரம் இத்தகையது. பழைய வண்டிக்கு வாங்கி வைத்த ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று புது வண்டியில் ஊற்றக் கூடாது. இரண்டாவது, டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்கச் சில எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே கூடுதலாக டீசலைத் தெளிக்கின்றன. அதில் கொஞ்சம் சுவரில் வழிந்து ஆயிலோடு சேரும். ஐட்லிங்கும் குறுகிய தூர ஓட்டமும் கூடினால் கரி கூடும், டீசல் கலப்பும் கூடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். ஆயில் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம்.

சாவி வாங்கும் நாளில்

முதலில் ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் கனரக லாரியைப் பலர் சேஸிஸாக வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள். ஓசூரிலிருந்து வரும் சேஸிஸ் ஒரே பகலில் நாமக்கல் போய்விடும். ஜாம்ஷெட்பூரிலிருந்து சாலை வழியாக ஓட்டிக்கொண்டு வந்தது என்றால் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்கெனவே ஓடியிருக்கும். அத்தனையும் எடையில்லாத ஓட்டம். நெடுஞ்சாலையில் பெரும்பாலும் ஒரே வேகம். மீட்டரில் இரண்டாயிரம் தெரிவதால் எஞ்சின் செட் ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எடையோடு ஓடும் முதல் ஆயிரம் உங்கள் கையில்தான் தொடங்குகிறது. சர்வீஸ் கெடுவோ மீட்டரின் பூஜ்யத்திலிருந்தே எண்ணப்படும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பாதீர்கள்.

பிறகு, டெலிவரி கொடுப்பவரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பதிலைக் கையேட்டின் பக்கத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

1. முதல் சர்வீஸ் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிநேரம், எத்தனை மாதம்? இதில் எது முதலில் வருகிறதோ அதுவா?

2. அந்த முதல் சர்வீஸில் எஞ்சின் ஆயிலை மாற்றுகிறார்களா, சோதனை மட்டும் செய்கிறார்களா? பல மாடல்களில் முதல் சர்வீஸ் சோதனையோடு முடிந்துவிடும். ஆயில் அடுத்த முறைதான்.

3. கடும் வேலைக்குத் தனி அட்டவணை உண்டா?

4. எந்தத் தரம், எந்தப் பாகுத்தன்மை ஆயில்?

5. கியர் பாக்ஸ், கிரவுன் ஹவுசிங் ஆயில்களின் முதல் கெடு என்ன?

டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற சிறு வண்டி எடுப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான். ஏஸ் 2005லும் தோஸ்த் 2011லும் சந்தைக்கு வந்து, கிராமத்து இளைஞர்கள் பலருக்குச் சொந்தத் தொழிலின் முதல் படியாகிவிட்டன. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. தொழிலுக்குள் நுழைவது எளிதாகியிருக்கிறது. ஆகவே வண்டியைப் பேணும் அறிவும் கூடவே வர வேண்டும்.

முதல் இரண்டாயிரம் கிலோமீட்டரை ஓட்டும் விதம்

கையேட்டில் செட் ஆகும் காலத்துக்கென்று வேகமும் எடையும் குறிப்பிட்டிருந்தால் அதுவே சட்டம். குறிப்பு பொதுவாக இருந்தால் கீழே உள்ளது பாதுகாப்பான வழி.

எடை: முதல் சில நடைகள் பாதி லோடு, பிறகு முக்கால். காலியாகவே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு அச்சு, ஆறு டயர் லாரிக்கு 2018இல் உயர்த்தப்பட்ட மொத்த எடை வரம்பு 18.5 டன். முக்கால் லோடு என்பது இந்த மொத்தத்தில் முக்கால் இல்லை. வண்டியின் வெற்று எடையைக் கழித்தபின் வரும் சரக்கு எடையில் முக்கால். எடை மேடைச் சீட்டை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

வேகமும் கியரும்: டாக்கோமீட்டரில் பச்சைப் பகுதிக்குள் இருங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல் ஏற்றி இறக்குங்கள். எஞ்சின் திணறும்போது மேல் கியரில் இழுக்க விடாதீர்கள். உடனே ஒரு கியர் இறக்குங்கள். மெதுவாகப் போவது மட்டுமே எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து, குறைந்த சுற்றில் திணறத் திணற ஓட்டுவதும் கெடுதலே.

திருக்கோவிலூரின் சாலைகள் இதற்கு வசதியானவை. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்றும் இங்கிருந்து ஏறத்தாழ 35 முதல் 45 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. வழியில் ஊர்களும் வளைவுகளும் வருவதால் வேகம் தானாகவே மாறும். அரிசி மூட்டை, உரம், சிமென்ட் என்று எடை தெரிந்த சரக்கை ஏற்றிக்கொண்டு இந்த மூன்று பாதைகளிலும் முதல் வாரத்தை ஓட்டுங்கள். உளுந்தூர்பேட்டையில் நான்குவழிச் சாலை பிடித்துச் சென்னைக்கு ஒரே மூச்சில் போகும் நடையைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஐட்லிங்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம் ஏற ஒரு நிமிடம் போதும், பிறகு மெதுவாக நகர்த்திச் சூடேற்றுங்கள். எடையிழுத்து வந்து நிறுத்தும்போது டர்போ ஆற இரண்டொரு நிமிடம் ஓட விடுங்கள். இந்த இரண்டைத் தவிர நிற்கும் வண்டியில் எஞ்சின் ஓட வேண்டிய காரணம் குறைவு. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயமாகியிருக்கிறது. டிரைவரின் உடல்நலத்துக்கு மிக நல்ல மாற்றம் இது. வெயிலில் வரிசையில் நிற்கும்போது ஏசிக்காக எஞ்சினை ஓட விடத் தோன்றும். ஓட விட்டால் அந்த நேரத்தையும் தவறாமல் நோட்டில் எழுதுங்கள். ஆயில் கணக்கில் அதுவும் வேலை நேரம்தான்.

நம் பக்கத்து வேலை எஞ்சினுக்கு எப்படிப்பட்டது?

கரும்பு: மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் வயலில் லோடு ஏறும்வரை நிற்பது, ஆலை யார்டில் டோக்கனுக்கு நிற்பது, எடை மேடை வரை அங்குலம் அங்குலமாக நகர்வது என்று ஒரு நடையில் பாதி நேரம் நகராமலே போகும். வயல் வண்டிப்பாதையில் முதல் கியர், இரண்டாம் கியர் ஓட்டம். நாள் முழுக்க உழைத்தும் மீட்டரில் சொற்பக் கிலோமீட்டர்தான் ஏறும். புது வண்டியை அரவை உச்சத்தில் எடுத்து நேரே யார்டுக்கு அனுப்புவதைத் தவிருங்கள். அரவை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்தால், நெல்லோ உரமோ ஏற்றி எஞ்சினைச் செட் செய்துவிட்டுக் கரும்புக்கு விடலாம்.

மலை: கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மரவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் இறங்கி வருகின்றன. ஏற்றத்தில் குறைந்த கியரில் நெடுநேரம் உச்ச இழுவை. ஆயில் சூடு சமவெளியை விட அதிகம். இறக்கத்தில் வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. பிரேக் லைனிங்கும் டிரம்மும் புதிது. அவையும் இன்னும் படியவில்லை. லோடோடு இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் லைனிங் மினுங்கிப் பிடிப்பு குறைந்துவிடும். ஆகவே சமவெளியில் பிரேக் நன்றாகப் படிந்தபின் மலைக்குப் போங்கள். போனால், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். டாக்கோமீட்டர் முள் சிவப்புக்குப் போகாமல் பாருங்கள்.

தூசி: ஜல்லி கிரஷர், மண் வேலை, அறுவடைக் களம் ஆகிய இடங்களில் புது ரிங்குகளுக்கு முதல் எதிரி தூசி. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸின் கிளிப் ஒன்று தளர்ந்திருந்தாலே போதும். நுண்மணல் உள்ளே போய் ஆயிலைச் சாணைக்கல்லாக மாற்றிவிடும். முதல் லோடு முடிந்ததும் அந்தக் கிளிப்புகளைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

முதல் ஆயில்: கணக்குப் போடும் முறை

கிலோமீட்டரும் மணிநேரமும் எப்படிப் பிரிகின்றன என்று ஓர் உதாரணம் பார்ப்போம். இது கணக்குக்காக எடுத்த எண்; உங்கள் வண்டியின் எண் கையேட்டில் இருக்கும். ஆயில் கெடு 20,000 கிலோமீட்டர் அல்லது 500 மணிநேரம், எது முந்துகிறதோ அது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு, நிற்கும் நேரமும் சேர்த்து, எஞ்சின் ஓடும் ஒரு மணிநேரத்துக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வந்தால் இரண்டு கெடுவும் ஒரே நாளில் முடியும். கரும்பு வண்டிக்கு அதே சராசரி 15 கிலோமீட்டர் என்றால், 500 மணிநேரம் 7,500 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். மீட்டரைப் பார்ப்பவர் இன்னும் 12,500 மிச்சம் இருக்கிறது என்று நம்பி ஓட்டுவார். ஆயிலோ எப்போதோ உழைத்து ஓய்ந்திருக்கும்.

இப்போது முடிவெடுக்கும் வரிசை:

முதலாவது, கையேட்டின் கெடுவே உச்ச வரம்பு. அதைத் தாண்டக் கூடாது. உத்தரவாதமும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, கடும் வேலை அட்டவணை இருந்தால், உங்கள் வண்டி அதில் சேருமா என்று பாருங்கள். ஆலை வரிசை, மலை, கிரஷர் ஆகிய மூன்றில் ஒன்று வழக்கமான வேலையாக இருந்தாலே சர்வீஸ் மேலாளரிடம் அந்த அட்டவணையை வைத்துப் பேசுங்கள்.

மூன்றாவது, மணிநேரத்தை எடுங்கள். பல பிஎஸ்-6 வண்டிகளில் எஞ்சின் மணிநேரம் மீட்டர் திரையிலோ, நிறுவனத்தின் கண்காணிப்புச் செயலியிலோ, சர்வீஸ் ஸ்கேனரிலோ கிடைக்கும். இல்லையென்றால் நோட்டில் எழுதுங்கள். கையேட்டில் மணிநேரக் கெடுவே இல்லையென்றால், உங்கள் வண்டியின் சராசரியைச் சொல்லி எந்தக் கிலோமீட்டரில் மாற்றலாம் என்று சர்வீஸ் மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, மாதக் கணக்கை மறக்காதீர்கள். அரவை முடிந்து வண்டி வாரக்கணக்கில் நின்றாலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கெடுவுக்கு முன்பே ஒருமுறை மாற்றினால் கெடுதலா? அதே தரத்தில், அசல் ஃபில்டரோடு, பில் வாங்கி மாற்றினால் எஞ்சினுக்குத் தீங்கில்லை. கைக்காசு கூடுதலாகும், அவ்வளவே. தொழிற்சாலை ஊற்றி அனுப்பிய ஆயிலைக் குறிப்பிட்ட தூரம் வரை வைத்திருக்கச் சொல்லிக் கையேட்டில் இருந்தால் மட்டும் அதை மீறாதீர்கள். முன்கூட்டி மாற்றியதைக் காரணம் காட்டி, அட்டவணைப்படி வரும் முதல் சர்வீஸைத் தவறவிட்டு உத்தரவாதத்தை இழக்கவும் வேண்டாம். என் யோசனை இதுதான்: நெடுஞ்சாலை வண்டிக்குக் கையேட்டின் கெடு போதும். முதல் மாதமே யார்டிலும் மலையிலும் கழிந்த வண்டிக்குச் சீக்கிரம் மாற்றுவது தகும்.

மூன்று நான்கு வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். முதல் மாதிரியில் இரும்பும் சிலிக்கனும் அதிகமாகவே வரும். செட் ஆகும் தேய்மானமும் கேஸ்கெட் பசையும் காரணம். பயப்பட வேண்டாம். இரண்டாம், மூன்றாம் மாதிரிகளில் அந்த அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். சிலிக்கன் மட்டும் இறங்காமல் நின்றால் தூசி உள்ளே போகிறது.

மாற்றும் நாளில்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். மிதந்துகொண்டிருக்கும் துகள் ஆயிலோடு வெளியேறும். கடைசிச் சொட்டுவரை பொறுமையாக வடிய விடுங்கள். வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள்: மாவுபோல இருந்தால் இயல்பு, செதில், துண்டு என்று தட்டுப்பட்டால் போட்டோ எடுத்து அப்போதே சர்வீஸ் மேலாளரிடம் காட்டுங்கள். ஃபில்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது பாதி வேலை. ஊற்றும்போது டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, சில நிமிடம் கழித்து மீண்டும் அளவு பார்த்துக் கசிவு தேடுங்கள். பில்லில் ஆயில் தரம், லிட்டர், கிலோமீட்டர், மணிநேரம் நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இறக்கிய ஆயிலைத் தரையில் கொட்டுவதும், சேஸிஸுக்குப் பூசுவதும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகும் பீப்பாயில் சேர்க்கும் பட்டறையைத் தேர்ந்தெடுங்கள். தென்பெண்ணையையும் ஏரிகளையும் நம்பி விவசாயம் செய்யும் ஊர் இது. அந்த விளைச்சலை ஏற்றித்தான் நம் லாரிகள் பிழைக்கின்றன.

எஞ்சினோடு நிற்காதீர்கள்

கிரவுன் வீலும் பினியனும் புதிதாக உரசிப் படிகின்றன. முதல் ஹவுசிங் ஆயிலிலும் நிறையத் துகள் வரும். பலர் எஞ்சின் ஆயிலை அக்கறையோடு மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். கியர் பாக்ஸுக்கும் இதே கவனம் வேண்டும்.

வீல் நட்டுகளை முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள், லோடு ஏற்றி ஓட்டிய பிறகு, டார்க் ரெஞ்சில் மறுபடி முறுக்குங்கள். ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் முதல் லோடுக்குப் பிறகு தளரும். நாமக்கல்லில் கட்டிய பாடியின் போல்ட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரையெங்கும் வெள்ளம் புகுந்ததை இந்த ஊர் மறக்காது. அச்சு முங்கும் அளவு நீரில் வண்டி இறங்கிவிட்டால், கிலோமீட்டர் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். ஹவுசிங் ஆயிலும் வீல் ஹப் கிரீஸும் பால்போல மாறியிருக்கிறதா என்று பார்த்து உடனே மாற்றுங்கள்.

உடனே பட்டறைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அடுத்த ஊர்வரை ஓட்டலாம் என்ற எண்ணம் எஞ்சினைத் தின்றுவிடும். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போவது, ஆயில் காப்பி நிறத்தில் நுரைப்பது, கூலன்ட் குறைவது, நீலப் புகை நிற்காமல் வருவது, டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிவது ஆகியவற்றில் எதையும் 'செட் ஆனா சரியாயிடும்' என்று விடாதீர்கள். ஆனால் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் கொஞ்சம் குறைவதும், மைலேஜ் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருவதும் இயல்பு. தினமும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டிப் ஸ்டிக் பார்க்கும் பழக்கம் இருந்தால் இயல்பு எது, கோளாறு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நோட்டுதான் உங்கள் நற்சான்று

சம்பளத்துக்கு ஓட்டுபவர் என்றால் இதைக் கூர்ந்து படியுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாள், புறப்படும் கிலோமீட்டர், முடியும் கிலோமீட்டர், எஞ்சின் மணிநேரம், சரக்கும் எடையும், நின்றபடி எஞ்சின் ஓடிய நேரம், டிப் ஸ்டிக் அளவு, ஊற்றிய டீசல் என்று ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். எடைச் சீட்டையும் சர்வீஸ் பில்லையும் அதிலேயே ஒட்டுங்கள்.

முதலாளியிடம் ஆயிலைப் பற்றிப் பேசும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "அண்ணே, ஆயில் மாத்தணும்" என்றால், "போன மாசம்தானே வண்டி எடுத்தோம்" என்று பதில் வரும். "அண்ணே, மீட்டர்ல ஏழாயிரம்தான் ஓடியிருக்கு, ஆனா எஞ்சின் நானூத்தி எழுபது மணிநேரம் ஓடியிருக்கு, புக்குல ஐந்நூறுன்னு போட்டிருக்கு" என்றால் அவர் யோசிப்பார். எண்ணோடு பேசும் டிரைவரை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார். அடுத்த புது வண்டி வரும்போது சாவி யாரிடம் போகும் என்பதும் அங்கேயே முடிவாகிறது.

செட் ஆகும் காலத்தில் ஓவர்லோடு ஏற்றச் சொன்னாலும் இதே முறை உதவும். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். அபராதத் தொகையையும், உத்தரவாதம் மறுக்கப்படலாம் என்பதையும் சேர்த்து மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். மறுப்பதற்கு உங்களுக்கு உரிமையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

சொந்த வண்டிக்காரருக்கும் நோட்டு அதே அளவு முக்கியம். உத்தரவாதத்தில் பாகம் கேட்கும்போதும், பின்னாளில் வண்டியை விற்கும்போதும், இரண்டாவது வண்டிக்குக் கடன் கேட்டு உட்காரும்போதும், முதல் நாளிலிருந்து எழுதிய பதிவு உங்களுக்காகப் பேசும்.

இந்த வாரமே புது வண்டி எடுக்கிறீர்கள் என்றால், வேலையை இப்படித் தொடங்குங்கள். கையேட்டில் முதல் சர்வீஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஓடோமீட்டரையும் மணிநேரத்தையும் நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். முதல் வாரத்துக்குப் பாதி முதல் முக்கால் லோடு வரை தரும் சரக்கை முன்கூட்டியே பேசி வையுங்கள். நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டு முறுக்குங்கள். மாதம் முடிந்ததும் மொத்தக் கிலோமீட்டரை மொத்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணக் கெடுவில் அந்த ஈவு நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் கிலோமீட்டர் கெடுவை நம்பலாம்; நாற்பதுக்குக் கீழே இருந்தால் மணிநேரக் கெடுவைப் பிடியுங்கள். முதல் ஆயிலின் நாளை அந்த வகுத்தலே சொல்லிவிடும்.